மூன்று ஊர் மண்

என் வயதுக்காரர்களில், சின்ன வயசில் மண் தின்றவர்கள் யாராவது மிச்சம் இருந்தால் இப்போது தைரியமாக ஒப்புக்கொள்ளலாம். முதுகில் நாலு வைக்க நம் அம்மாக்கள் இல்லை. மூக்கைப் பிடித்து வேப்பெண்ணெய் ஊற்றவும் ஆள் கிடையாது. நான் தின்றேன். சுவர் மண், அடுப்பு மண், முதல் மழை நனைத்த களத்து மண் என்று ஒன்றையும் விட்டதில்லை. எங்கள் வீட்டுப் பின்சுவரில் என் உயரத்துக்கு வரிசையாகக் குழி இருந்தது. அது எலி வேலை என்று அம்மா ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்று ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு மூன்று வருஷமாகப் பிடிபடாத ஒரு விஷயம், ஒரு மண்தின்னியின் நாக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் அடக்கம் காட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

எண்ணூர், மணலி என்றாலே இப்போது எல்லாருக்கும் புகைக்கூண்டும் டேங்கர் லாரியும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே நெல் விளைந்தது, நண்டுக்குப் பயந்து வரப்பில் தாண்டித் தாண்டி நடந்தோம் என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னேன். சிரிக்கிறான். சிரிக்கட்டும், அவன் சாப்பிடும் சோறு கடையில் விளைகிறது என்று நினைக்கிற பிள்ளை.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் போய், ரேஷனில் இன்னும் புழுத்த அரிசி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எனக்குப் பத்து வயது. எண்ணூர்க் கழிக்கு மேற்கே ஆற்றின் கிளை ஒன்று உள்ளே நுழைந்து வரும். அதன் கரையில் எங்கள் ஊர், வடக்கே ஒரு ஊர், தெற்கே ஒரு ஊர். வடக்கூர், தெற்கூர் என்றே சொல்வோம். மூன்று ஊருக்கும் தனித்தனியாக ஏரி உண்டு. மேற்கு மேட்டில் பெய்கிற மழை ஓடி வந்து மூன்று ஏரியும் நிரம்பி, மிச்சம் வழிந்து இந்தக் கிளையில் சேரும். அங்கிருந்து கழிக்குப் போய், கழியிலிருந்து கடலுக்குப் போகும். கிளையின் அகலம் பெரிசில்லை. இந்தக் கரையிலிருந்து திட்டினால் அந்தக் கரையில் இருப்பவளுக்கு வார்த்தை தெளிவாக விழும்.

மழை நின்றுவிட்டால் கதை தலைகீழ். ஆற்றுத் தண்ணீர் இறங்க இறங்க, கடல் ஓதம் கழி வழியாக ஏறி, உப்புத் தண்ணீரை எங்கள் வயல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அதைத் தடுக்கப் பொங்கல் கழிந்ததும் மூன்று ஊரும் சேர்ந்து கிளையின் குறுக்கே மண்கரை ஒன்று போடுவார்கள். அதற்குக் 'கட்டு' என்று பெயர். கட்டுக்கு மேற்கே நல்ல தண்ணீர் நிற்கும், கிழக்கே உப்புத் தண்ணீர். நிற்கிற நல்ல தண்ணீரை இறைத்து நவரைப் பருவத்து நெல் போடுவோம். கட்டு நின்றால் சோறு, போனால் பட்டினி. எங்கள் ஊரில் குழந்தைக்கும் இது தெரியும்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் இருந்தது. வேறெங்கும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தை பிறந்ததிலிருந்து ஒவ்வொரு ஊரிலும் ஒரு பிள்ளையை 'ருசி பார்க்க' வைப்பார்கள். பெரியவர்கள் நாக்கெல்லாம் வெற்றிலையிலும் புகையிலையிலும் காரத்திலும் செத்துப்போன நாக்கு. லேசாக உப்பு ஏறினால் அதற்குத் தெரியாது. அதனால் விடிந்ததும் வெறும் வயிற்றோடு பிள்ளை போய்க் கட்டின் மேற்குப் பக்கத்துத் தண்ணீரையும் ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு வாய் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு அந்த வேலை என்னுடையது. கழுத்து நசுங்கிய பித்தளைச் சொம்பு ஒன்று அதற்கென்றே இருந்தது. 'நல்லது' என்று நான் சொன்னால் ஏற்றம் இறைக்கப் போவார்கள். 'கரிக்குது' என்றால் மீசை வைத்த ஆம்பிளைகள் மூஞ்சி தொங்கிவிடும். அந்த அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சொம்பு எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ, இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

தொடர்ந்து மூன்று வருஷம் நான் 'கரிக்குது' என்றுதான் சொன்னேன். மாசியிலோ பங்குனியிலோ கட்டு திடீரென்று நடுவில் அமுங்கும். மறுநாள் உப்பு ஏறிவிடும். பால் பிடிக்கிற பயிர் நுனி சிவந்து கருகும். பயிர் கருகுகிற வாசனை வைக்கோல் எரிகிற வாசனை இல்லை, ஊறிப் புளித்த ஊறல் வாசனை. அதை முகர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

யார் உடைக்கிறார்கள் என்ற கேள்விக்கு எங்கள் நைனா, அதாவது அப்பா, ஒரு பதில் வைத்திருந்தார். கழிக்கரையில் இருந்த மீனவர் குப்பம்தான். கட்டு போனால் உப்புத் தண்ணீரோடு இறாலும் மடவை மீனும் கிளைக்குள் ஏறும். ஏறினால் அவர்களுக்கு வலை நிறையும். "வேற யாருக்கு லாபம்? நீயே சொல்லு," என்று நைனா கேட்டால் எதிரே இருப்பவர் தலையாட்டிவிடுவார். அவர் குரல் அப்படி. அவர் பேச்சைக் கேட்டு நாலாம் வருஷம் மார்கழியிலேயே மூன்று ஊரும் ஒரு முடிவு செய்தது. குப்பத்து மீன் ஊருக்குள் வரக் கூடாது. குப்பத்து ஆள் கட்டுப் பக்கம் வந்தால் காலை உடைப்பது.

இதில் அடிபட்டது யார் என்றால், தினம் கூடை தூக்கிக்கொண்டு வந்த மீன்காரம்மாதான். கறுத்து, நெட்டையாக, கழுத்தில் பாசிமணியும் வாயில் எப்போதும் ஒரு நையாண்டியுமாக இருப்பாள். புருஷன் கடலோடு போய்விட்டான். அவள் கூடை இறக்கினால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். ஊர் எல்லையில் நைனாவே நின்று அவளைத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்தேன்.

"கட்ட ஒடச்சது நானா அண்ணாத்தே? இந்த கூடையாலயா?" என்று கேட்டாள்.

"யார்னு எனக்குத் தெரியும். நீ நட," என்றார் நைனா.

அவள் கூடையைத் திருப்பித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். எப்போதும் வாயாடுகிறவள் பேசாமல் போனது எனக்கு என்னவோ போலிருந்தது.

அந்த வருஷம்தான் நான் சொல்ல வந்த வருஷம். இருந்த விதைநெல் எல்லாவற்றையும் நைனா நாற்று விட்டுவிட்டார். அம்மாவின் தம்பி, என் மாமா, திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தார். நைனாவுக்கும் அங்கே கேட்டில் ஒரு காவல் வேலையும், லைன் வீட்டில் ஓர் அறையும் சொல்லி வைத்திருந்தார். பங்குனிப் பௌர்ணமிக்கு வண்டியோடு வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு. "இந்த வாட்டியும் கட்டு பூட்ச்சின்னா மாட்ட வித்துட்டு வந்துடுறேன் மச்சான்," என்று நைனா சொன்னபோது அம்மா உள்ளே பாத்திரத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. விட்டுவிட்டுப் போகிற வீட்டுக்கு எதற்கு என்று அம்மா சொன்னாள். அவள் சும்மா சொன்னதாக அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் அவள் எவ்வளவு அழுதிருப்பாள் என்று தெரிகிறது.

வழக்கம்போல வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு கூடை என்று போய்க் கட்டுப் போட்டார்கள். இந்தத் தடவை காவலும் வைத்தார்கள். கம்பு வைத்துக்கொண்டு முறை போட்டு, கிழக்கே குப்பத்தைப் பார்த்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதுகுப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாசி மாதக் கடைசியில் ஒரு காலை. காவல்காரர் கஞ்சி குடிக்கப் போயிருந்தார். நான் தண்ணீரை ருசி பார்த்தேன், நல்லது. சொம்பை வைத்துவிட்டு, பழக்க தோஷம், கட்டிலிருந்து ஒரு கட்டி மண்ணைப் பிய்த்து வாயில் போட்டேன். போட்ட வேகத்தில் துப்பினேன்.

"இன்னா கண்ணு, மண்ணத் துன்னுட்டு மண்ணையே திட்டுற?" என்று ஒரு குரல். மீன்காரம்மா அக்கரையில் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் மூன்று ஊரும் மூடிவிட்டதால் மணலிப் பக்கம் வரைக்கும் சுற்றிப் போய் விற்கிறாளாம்.

"தண்ணி நல்லா கீது. கட்டுதான் கரிக்குது," என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். எழுந்து கட்டின் மேலேயே நடந்து வந்து என் பக்கத்தில் குந்தினாள். கட்டு மண்ணை எடுத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள். "எங்கேர்ந்து அள்ளினாங்க இத?" என்று கேட்டாள். நான் கரையோரம் வெள்ளை பூத்துக் கிடந்த உவர் வெளியைக் காட்டினேன். எனக்குத் தெரிந்து அங்கேதான் அள்ளுவார்கள். யாருக்கும் சொந்தமில்லாத இடம், பக்கத்திலேயே இருந்தது.

"உன் மடியில இன்னா கட்டி வெச்சிகினு கீற?"

மாட்டிக்கொண்டேன். பாவாடை மடிப்பில் ஏரி மண் இரண்டு உருண்டை வைத்திருந்தேன், பள்ளிக்கூடத்துக்கு. எங்கள் ஏரியின் அடிமண் கறுப்பு, வழுவழு, லேசாக இனிக்கும். அதற்கு ஈடான மண் நான் தின்றதில்லை. அவள் கையை நீட்டினாள், கொடுத்துவிட்டேன்.

கூடையிலிருந்து இரண்டு கொட்டாங்கச்சி எடுத்து, மேற்குப் பக்கத்து நல்ல தண்ணீரை மொண்டாள். ஒன்றில் கட்டு மண், ஒன்றில் என் ஏரி மண். தொடவில்லை, கலக்கவில்லை. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கட்டு மண் ஓரத்திலிருந்து புகை மாதிரி பிரிந்து, தண்ணீர் பால் நிறமாகி, உருண்டை இருந்த இடமே தெரியாமல் போயிற்று. ஏரி மண் போட்டது போட்டபடி கிடந்தது.

"அடப் பாவிங்களா," என்றாள் மெதுவாக. "கருவாட்டுத் தொட்டிக்குக் கூட நாங்க உப்பு மண்ண வெக்க மாட்டோம். நல்ல தண்ணி பட்டா கரைஞ்சிபூடும். இவனுங்க அந்தாண்ட எங்கள மொறச்சிகினு கீறானுங்க, கட்டு இந்தாண்ட கரைஞ்சிகினு கீது." கட்டின் மேற்கு அடியைக் காட்டினாள். அங்கே தண்ணீர் லேசாகக் கலங்கி, பால் தெளித்த மாதிரி இருந்தது. தினம் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஒங்க நைனாவாண்ட சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத, கேக்க மாட்டாரு," என்றாள்.

சொன்னேன். நைனா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "கட்டு கரிக்குதுன்னு உனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். புளியங்கொம்பு ஒடிகிற வரைக்கும் அடி. அம்மா ஓடி வந்தாள், தடுக்கத்தான் என்று நினைத்தேன். சுவர்க் குழியெல்லாம் யார் வேலை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்கிறது. அவள் பங்கும் சேர்ந்து விழுந்தது, வேப்பெண்ணெயோடு. "மண்ணத் துன்னுட்டு நாயம் பேச வந்துட்டா," என்று நைனா கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. கட்டைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

நம் பெரியவர்களை நான் குறை சொல்லவில்லை. சரி, சொல்கிறேன். தண்ணீர் ருசிக்கு என் நாக்கை நம்பி ஏற்றம் இறைத்தவர்கள், மண்ணுக்கு அதே நாக்கை நம்பவில்லை. தண்ணீர் ருசி பார்ப்பது ஊர் வைத்த வேலை, மண் ருசி பார்ப்பது கெட்ட பழக்கம். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

நான்கு நாள் கழித்து மூன்று ஊரும் எங்கள் ஏரி மதகடியில் கூடியது. கட்டு நடுவில் லேசாக உட்கார ஆரம்பித்துவிட்டது. குப்பத்து மேல் போலீசில் எழுதிக் கொடுப்பதா, நேரே போய் அடித்துவிடுவதா என்றுதான் பேச்சு. வடக்கூர்ப் பெரியதனக்காரர் வெற்றிலைப் பெட்டியோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். நானும் அம்மாவும் மற்றப் பெண்களோடு தள்ளி நின்றிருந்தோம். அப்போது ஏரிக்கரை மேல் மீன்காரம்மா வருகிறாள், தலையில் கூடை, கூடையில் மீன் இல்லை. தடை செய்த ஊருக்குள் பட்டப்பகலில், அத்தனை ஆம்பிளைகள் நடுவில், ஒற்றைப் பொம்பிளையாக நடந்து வந்தாள். அந்த நடையை நான் இன்னும் மறக்கவில்லை.

நைனா எழுந்தார். "யாரு உன்ன உள்ள உட்டது?"

"அடிக்கிறதுன்னா அப்பறமா அடி அண்ணாத்தே. நான் எங்கியும் ஓட மாட்டேன். மொதல்ல இதப் பாரு," என்று கூட்டத்தின் நடுவில் இரண்டு கொட்டாங்கச்சியை வைத்தாள். ஒரு மூட்டையிலிருந்து கட்டு மண்ணை எடுத்தாள். ஏரி மண்ணை எங்கள் ஏரியிலேயே எல்லார் கண் முன்னாலும் அள்ளினாள். மதகுத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

அத்தனை பேரும் குனிந்து பார்த்தார்கள். வெற்றிலை மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. ஒன்று பாலாயிற்று. ஒன்று அப்படியே கிடந்தது.

"இன்னாத்தப் போட்டாளோ, மருந்து கிருந்து," என்று பின்னாலிருந்து ஒருத்தர் முனகினார்.

வடக்கூர்ப் பெரியதனக்காரர் என்னைத் தேடினார். "அந்த ருசி பாக்குற பாப்பா எங்கடா? வரச்சொல்லு." என்னை முன்னால் தள்ளினார்கள். முதுகில் தழும்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவரே எழுந்து கட்டு வரைக்கும் போய்ப் பெயர்த்துவந்த மண்ணையும் ஏரி மண்ணையும் என் கையில் வைத்தார். ஊர் பார்க்க, நைனா பார்க்க, அம்மா பார்க்க, ஒருத்தரும் அடிக்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு நான் மண் தின்றேன். உங்களில் யாருக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது?

"இது கரிக்குது. இது நல்லது," என்றேன்.

பெரியதனக்காரர் நைனாவைப் பார்த்து, "பாப்பா நாக்க நம்பித்தானப்பா மூணு வருசமா பயிர் போயிடுச்சின்னு ஒத்துகினோம். இப்ப மட்டும் இன்னா?" என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். முடியவில்லை. ஏரி மண்ணால் கட்ட வேண்டும், சரி. யார் ஏரி மண்ணால்? அங்கேதான் சிக்கல். ஏரி அடிமண் வயலுக்கு எரு. கோடையில் ஏரி வற்றினால் அந்தந்த ஊர் மண்ணை அந்தந்த ஊர் வயலுக்குத்தான் அடிப்பார்கள். ஏரி மண் எல்லை தாண்டினால் ஏரி கோபித்துக்கொண்டு மறுவருஷம் நிரம்பாது என்று சாமி சத்தியமாக நம்பினார்கள். கட்டு இருக்கிற இடம் மூன்று ஊர் எல்லைக்கும் வெளியே. அதனால்தான் அந்தக் காலத்திலிருந்தே யாருக்கும் சொந்தமில்லாத மண்ணைத் தேடிப் போய் அள்ளியிருக்கிறார்கள். முன்னெல்லாம் கரையில் நல்ல மண் கிடந்திருக்கும். அது தீர்ந்து, உவர் மண்ணுக்கு வந்து சேர்ந்த மூன்று வருஷமாகத்தான் கட்டு போகிறது. இதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

"வடக்கூரு ஏரிதான் பெருசு, அவங்க குடுக்கட்டும்," என்றார்கள் தெற்கூரார். "ஒங்க வயலுதான் கட்டாண்ட கீது, நீங்க குடுங்க," என்றார்கள் வடக்கூரார். சாயங்காலம் வரை இழுத்து, ஒருத்தருக்கொருத்தர் அத்தை பெண் விவகாரம் வரைக்கும் இழுத்து, கலைந்து போனார்கள். மீன்காரம்மா மதகுக் கல்லில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இவனுங்களோட பேஜாரா பூட்ச்சி," என்று கூடையைத் தூக்கினாள்.

மறுநாள் விடிந்ததும் நைனா வண்டி பூட்டினார். ஏரிக்குள் இறங்கி, தண்ணீர் ஒதுங்கிய ஓரத்தில் மம்முட்டியால் கறுப்பு மண்ணை வெட்டி வண்டி நிறைத்தார். நான் பின்னாலேயே போனேன், என்னைப் போ என்று சொல்லவில்லை. எல்லைக்கல்லில் எங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வண்டியை மறித்தார்கள். ஒரு பெரியவர் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு, "தாண்டாதப்பா. ஏரி நம்பள சும்மா உடாது," என்றார்.

நைனா வண்டியை விட்டு இறங்கவில்லை. "கட்டு பூட்ச்சின்னா இந்த மண்ணப் போட எனுக்கு வயலே இல்ல. நான் கம்பெனி கேட்டுல நிப்பேன், நீ உன் ஏரி மண்ண வெச்சிகினு கும்புடு. ஏரி கோவிச்சிகினா என் மேல கோவிச்சிக்கட்டும். கைய எடு," என்றார். பெரியவர் கையை எடுத்தார். மாடு இரண்டும் ஒரு முறை தயங்கின. அப்புறம் சக்கரம் எல்லைக்கல்லைத் தாண்டி உருண்டது.

உச்சி வெயிலுக்குள் எங்கள் ஊர் வண்டி ஒன்பது வந்துவிட்டது. மதியத்துக்கு மேல் வடக்கூர் வண்டி. தியாகம் கியாகம் ஒன்றுமில்லை. "அவன் ஊரு மண்ணு மட்டும் நின்னுச்சின்னா நாளைக்கு இது எங்க கட்டுன்னு சொல்லுவான்" என்று பயம். தெற்கூரார் அந்த ரோஷத்திலேயே மறுநாள் இரண்டு மடங்கு கொண்டுவந்து கொட்டினார்கள். நம் ஜனங்களை நல்ல புத்தி கிளப்பாத இடத்தில் போட்டி கிளப்பும். எங்கள் மண் கறுப்பு, வடக்கூர் மண் மஞ்சள், தெற்கூர் மண் செங்காவி. கட்டின் மேற்குப் பக்கம் மூன்று நிறமும் பட்டை பட்டையாக ஏறியது. கொட்டக் கொட்டப் பெண்கள் வரிசையாக நின்று மிதித்தோம். முழங்கால் வரைக்கும் மூன்று ஊர் மண்ணும் அப்பிக்கொண்டது.

ஆனால் நடுவில் உட்கார்ந்த இடம் அதற்குள் வாய் பிளந்துவிட்டது. ஆள் நிற்க முடியாத இழுப்பு. போடுகிற மண்ணையெல்லாம் தண்ணீர் வாரிக்கொண்டு போயிற்று. பௌர்ணமிக்கு இன்னும் ஒரே நாள். பௌர்ணமி ஓதம் ஏறினால் அந்த வாய் வழியாகக் கடலே உள்ளே வரும். நைனா இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. அப்போதுதான் மீன்காரம்மா குப்பத்தையே கூட்டிக்கொண்டு வந்தாள். முன்னால் குப்பத்துத் தலைவர், பின்னால் முப்பது நாற்பது பேர், தோளில் கிழிந்த பழைய வலைகளும் சவுக்குக் கழிகளும்.

கம்பு வைத்திருந்த காவல்காரர் கம்பைத் தண்ணீரில் போட்டுவிட்டார். அதைப் பார்த்து ஒருத்தர் சிரிக்க, இரண்டு பக்கமும் சிரித்தது.

"கத்தாத நைனா, தண்ணி உன் பேச்சக் கேக்காது," என்றார் குப்பத்துத் தலைவர். "இன்னும் ஒரு நாழில நல்லா வத்திப்பூடும். வத்தி நிக்கிற நேரம் கொஞ்சம்தான். அதுக்குள்ள அடைக்கணும். வலைய ரொப்புங்க."

வலையைப் பை மாதிரி தைத்து, வைக்கோலும் ஏரி மண்ணும் மாற்றி மாற்றித் திணித்தோம். ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். சவுக்குக் கழியை வாயின் இரு பக்கமும் அடித்து இறக்கினார்கள். தண்ணீர் அசையாமல் நின்ற அந்த ஒரு கணத்தில் தலைவர் கையை வீசினார். உழவர்களும் மீனவர்களும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு மண்பைகளை உருட்டினார்கள். கெட்ட வார்த்தை அன்றைக்குக் கேட்ட மாதிரி நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. பொழுது சாய்வதற்குள் வாய் அடைபட்டது. குப்பத்துப் பெண்கள் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தார்கள். மூன்று மாதமாக அந்த மீனைத் தீண்டமாட்டோம் என்றிருந்த வாய்களெல்லாம் விரலை நக்கின.

இங்கே ஒன்றை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோவேன். ஏரி கோபித்துக்கொள்ளவில்லை. அவ்வளவு மண் வெட்டியதில் மூன்று ஏரியும் ஆழமாகி, அடுத்த மழையில் முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் பிடித்தது. அதைப் பார்த்து மூன்று ஊரும் வருஷா வருஷம் தூர் எடுத்து, அந்த மண்ணையே கட்டுக்கு அடிக்க ஆரம்பித்தார்கள். மேற்கு மேட்டில் புதர் வெட்டக் கூடாது, ஆடு விடக் கூடாது, மழைத் தண்ணீர் மண்ணை அரிக்காமல் இறங்க வேண்டும் என்று மூன்று ஊரும் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். குப்பத்திலிருந்து ஒருவர் அந்தக் கூட்டத்தில் எப்போதும் இருப்பார். ஓத நேரம் சொல்வது அவர் வேலை. எனக்குப் பல வருஷம் கழித்துக் கல்யாணமாகி நான் வெளியேறுகிற வரைக்கும் கட்டு ஒரு முறைகூடப் போகவில்லை.

பௌர்ணமி அன்றைக்குக் காலை. வெயில் ஏறுகிற நேரத்துக்கு ஓதம் உச்சிக்கு வரும் என்று தலைவர் சொல்லியிருந்தார். மூன்று ஊரும் குப்பமும் கரையில் நின்றது. மாமா சொன்னபடி திருவொற்றியூரிலிருந்து வண்டியோடு வந்து, வீட்டில் யாரும் இல்லாமல் கட்டுக்கே வந்துவிட்டார். கைவிரலில் லைன் வீட்டுச் சாவி தொங்கியது. அம்மா அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிழக்கே தண்ணீர் ஏறியது. அலை ஒன்றும் இல்லை. சத்தமில்லாமல் விரல் விரலாக ஏறியது. முழங்கால், இடுப்பு, சவுக்குக் கழி மேல் வைத்த அடையாளம். கட்டின் தலைக்கு ஒரு சாண்தான் பாக்கி. பிறகு அரைச் சாண். அடைத்த வாயின் ஓரத்தில் ஒரு கசிவு தெரிந்தது. நைனா ஓடிப் போய் ஒரு மண்பையை அதன் மேல் போட்டு, அதன் மேல் தானே குப்புறப் படுத்துக்கொண்டார். குப்பத்துத் தலைவர் தண்ணீரின் விளிம்பில் ஒரு ஈர்க்குச்சி குத்தி வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் காலில் சேறு காய்ந்து வெடித்துவிட்டது.

"வத்துது," என்றார் தலைவர்.

ஈர்க்குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஈர மண் ஒரு விரல் அகலம் தெரிந்தது. அவ்வளவுதான் நாங்கள் ஜெயித்ததற்கு அடையாளம். யாரோ குலவை போட்டார்கள். அதற்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை, அத்தனை கூச்சல்.

நைனா எழுந்தார். நெஞ்சு முழுக்க மூன்று நிற மண். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே மீன்காரம்மா முன்னால் போய் நின்றார். போன குரல் இன்னும் திரும்பவில்லை. அதனால் கூட்டம் தானாக அடங்கியது.

"மூணு வருசமா உங்க மேல பழி போட்டேன். கட்ட ஒடச்சது எங்க மண்ணு. உன்ன எல்லையில நிக்க வெச்சது நான்தான். தப்பு என்னுது," என்றார்.

நம் காலத்து அப்பன்மார் மன்னிப்புக் கேட்டு யாராவது பார்த்திருக்கிறீர்களா? அதுவும் ஊர் நடுவில், ஒரு மீன்காரியிடம்? என்னிடம் அவர் கடைசி வரை கேட்கவில்லை. போகட்டும். அன்றைக்கு அவர் அவளிடம் கேட்டதே என் முதுகுக்கும் போதுமாக இருந்தது.

மீன்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் வாய் சும்மா இருக்குமா. "சரி சரி, நகரு அண்ணாத்தே. ஊருக்குள்ள போற வழில நின்னுகினு கீற. மீனு நாறிப்பூடும்," என்று கூடையைத் தலையில் ஏற்றினாள்.

நைனா ஒதுங்கி வழிவிட்டார். அவள் கட்டின் மேல் ஏறி, எங்கள் ஊரைப் பார்த்து, "மீனேய்" என்று குரல் கொடுத்துக்கொண்டு நடந்தாள்.

மாமா நைனாவின் அருகில் வந்தார். "இன்னா மாமா, வண்டி நிக்குது. சாமான் ஏத்தலாமா?"

நைனா மேற்கே திரும்பிப் பார்த்தார். பால் பிடிக்கிற நெல் வரப்புக்கு வரப்பு பச்சையாக நின்றது. பதிலை அவர் சொல்லவில்லை, அம்மா சொன்னாள். தம்பியின் விரலை விரித்து, சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து, மூடினாள்.

"வேற யாருன்னா எடம் இல்லாதவங்களுக்குக் குடுத்துடுடா," என்றாள். "எங்களுக்கு அறுப்பு கீது."